தெளிவுக்கு நாலு

மலை ஏற வேண்டியிருக்கும் என்று வேலைக்குச் சேரும்போது பாஸ் சொல்லவில்லை. ஃபைல்களை அடுக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும், சந்தேகப்படும்படியான ஆட்களைப் பின்தொடர வேண்டும் என்றுதான் சொன்னார். இதுவரை நாங்கள் பின்தொடர்ந்த அயோக்கியர்கள் எல்லோருமே ஒரு விஷயத்தில் நல்லவர்கள். சமதரையில் நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மலையின் மேற்கு அடிவாரத்தில், வெறும் மண்தரையான கார் நிறுத்துமிடத்தில், எங்கள் கார் மட்டும் நின்றது. பாஸ் இறங்கி ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துப் பிடித்து அலுத்து, சொந்தமாகத் துப்பறிய வந்தவர். வயது ஐம்பத்திரண்டு. ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து நூறு வார்த்தை வந்தால் அதிகம். மீதியை நான் பேசிவிடுகிறேன். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. சம்பளக் கவரின் மேலும் அதையே எழுதுகிறார்.

மூன்றாவது ஆள் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பொழுதுபோக்கு, ரேடியோவில் ஊரூராகப் பேசுவது. முதுகுப் பையிலிருந்து கைக்கு அடக்கமான ரேடியோ ஒன்றை எடுத்து, அதில் கம்பியைத் திருகினார்.

"பேட்டரி இருக்கான்னு பாத்துடறேன் சார்" என்று சொல்லி, பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக் குறியைச் சொன்னார்.

உடனே பதில் வந்தது. மேற்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பல் டாக்டர். "அஞ்சு-ஒன்பது! பிரமாதம்! அஞ்சு-ஒன்பது!" அவர் முடிப்பதற்குள் ஒரு கோழிப்பண்ணைக்காரர் குறுக்கே வந்து, அவரும் அஞ்சு-ஒன்பது கொடுத்தார்.

"அது என்ன, செருப்பு சைஸா?" என்றேன்.

"ரிப்போர்ட் மேடம். மொத நம்பர் தெளிவு, அதுக்கு அஞ்சு மார்க். ரெண்டாவது பலம், அதுக்கு ஒன்பது. எல்லாருமே எல்லாருக்கும் முழு மார்க் போட்டுடுவாங்க. கல்யாணத்துக்குப் போனா சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி."

"உள்ளதைச் சொல்ற ஆள் ஒருத்தர்கூடவா இல்ல?"

"ஒருத்தங்க இருக்காங்க. எக்ஸ்சேஞ்ச் அம்மா. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில ஹெட்போன் மாட்டினவங்க. தெளிவுக்கு நாலுக்கு மேல யாருக்கும் குடுத்ததே கிடையாது. பக்கத்துத் தெருவில இருந்து பேசினாலும் 'வார்த்தையை மெல்லாதீங்க, நாலு'ம்பாங்க." ரேடியோவை மறுபடி அழுத்தி அந்த அம்மாவைக் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. "இங்கேருந்து கேட்காது. அவங்க மலைக்கு அந்தப் பக்கம், நம்ம ஊர். இந்தப் பெட்டி டார்ச் லைட் மாதிரி மேடம், நேராத்தான் போகும். குறுக்க மலை நின்னா அவ்வளவுதான். வீட்டில வெக்கிற பெரிய செட்டுன்னா வானத்தில முட்டித் திரும்பி மலையைத் தாண்டிடும். ஆனா அதுக்கு மொட்டை மாடி நீளத்துக்கு ஒயர் வேணும். உச்சிக்குப் போயிட்டா இந்தச் சின்னப் பெட்டிக்கே ரெண்டு பக்கமும் கேட்கும். அதுக்காகத்தானே கிறுக்கன் மாதிரி ஏர்றோம்."

பாஸ் சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டவில்லை. ஏற ஆரம்பித்தோம்.

ஏறுகிற நேரத்தில் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு இருக்கும்போதே சொல்வது நல்லது.

மலைக்குக் கிழக்கே எங்கள் ஊரில், நுழைவுத் தேர்வுகளுக்குக் கேள்வித்தாள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்று இருக்கிறது. போன ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு அதன் பாதுகாப்பு அறையை யாரோ திறந்திருக்கிறார்கள். கதவிலுள்ள கடிகாரம் நேரத்தைப் பதிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் ஒரு கட்டின் சீல் அறுந்து, ஒரு கேள்வித்தாள் குறைகிறது. அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று ஃபோர்மேனிடம், இன்னொன்று ஸ்டோர் கீப்பரிடம். ஃபோர்மேனின் மகள் அதே தேர்வை எழுதப்போகிறவள். ஸ்டோர் கீப்பர் வீட்டில் பரீட்சை எழுதுகிற வயதில் ஒரு பூனைகூடக் கிடையாது. விசாரணை அதிகாரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஃபோர்மேன் சொன்னது ஒன்றே ஒன்று. அந்த நேரத்தில் அவர் இந்த மலையின் உச்சியில் நின்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். எட்டு ஐம்பதிலிருந்து ஒன்பதரைக்குள் நாலு பேருடன் பேசியிருக்கிறார். அந்த நாலு பேரும் ஆமாம், பேசினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்துடன் கேஸ் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் ஸ்டோர் கீப்பருக்குத் திடீரென்று ஞாபகசக்தி திரும்பியது. ஞாயிறு ஒன்பது மணிக்கு, மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க பிரஸ்ஸுக்குப் போனாராம். உள்ளே ஃபோர்மேன் ரேடியோவில் பேசுகிற குரல் கேட்டதாம். பெரியவர்கள் விஷயம் நமக்கெதற்கு என்று திரும்பிவிட்டாராம். "ரேடியோவை எங்கேயிருந்து வேணும்னாலும் பேசலாமே" என்றார் விசாரணை அதிகாரி. ஃபோர்மேன் செல்போனையும் மலைக்கு எடுத்துப் போவதில்லை. ரேடியோக்காரனுக்கு அது கௌரவக் குறைச்சலாம்.

எங்களிடம் வந்தது மகள். பத்தொன்பது வயது. ஒரு கையில் நிறுத்திவைக்கப்பட்ட ஹால் டிக்கெட் பற்றிய கடிதம், இன்னொரு கையில் படிக்க வேண்டிய புத்தகம். அழவில்லை. "புதுக் கேள்வித்தாள் வெச்சு அடுத்த ஞாயித்துக்கிழமை பரீட்சை. நாளன்னிக்குக் காலையில பதினோரு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. அப்பா பேர்ல குற்றம்னு எழுதிட்டா அவரை போலீஸ் கூட்டிட்டுப் போகும். எனக்கு மூணு வருஷம் எந்தப் பரீட்சையும் கிடையாது. அப்பா திருடலைங்க. அவருக்குத் திருடத் தெரியாது. சீட்டு விளையாட்டில ஏமாத்தினாலே காது சிவந்துடும்" என்றாள். அது நேற்று, சனிக்கிழமை.

நேற்றே அவர்கள் வீட்டுக்குப் போனோம். பாஸ் ஃபோர்மேனிடம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் ஒரே பதில்: "நான் மேலதான் இருந்தேன். நாலு பேர்கிட்ட பேசினேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது." பிறகு பாஸ் அவருடைய மலை ஷூவைப் பார்க்கவேண்டும் என்றார். வாசலில் இருந்த ஷூவைத் தூக்கி, முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. ஃபோர்மேனின் மனைவி சமாளித்துக்கொண்டு, "முன்னெல்லாம் மலைக்குப் போயிட்டு வந்தா பேன்ட் பூரா ஒட்டுப்புல். உட்கார்ந்து ஒண்ணொண்ணாப் பிடுங்கணும். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு முள்ளு இல்ல. பாத்து நடக்கக் கத்துக்கிட்டார்" என்று பெருமையாகச் சொன்னார். பாஸ் அதையும் நோட்டில் எழுதினார். துணி துவைக்கிற குறிப்பெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது.

ஆக, இன்று எங்களிடம் இருந்த துப்பு ஒன்றுதான். மலை உச்சியில் காட்டுத்தீயைக் கவனிக்க ஒரு கோபுரம் உண்டு, அதில் ஒரு காவலர் உண்டு. விசாரணை அதிகாரி சமதரைக்காரர் என்பதால் அங்கே யாரையும் அனுப்பவில்லை. காவலர் "ஆமாம், ஃபோர்மேன் வந்தார்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். மகள் பரீட்சை எழுதுவாள்.

ஏழரை மணிக்கு நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பேன்ட் முழங்கால்வரை ஒட்டுப்புல். குத்தாத இடமே இல்லை.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். பேச்சுக் கொடுத்தால் கொஞ்சம் உட்காரலாம்.

"மச்சினன். அவர் சம்சாரம் என் அக்கா."

"நேத்து வீட்டில உங்களைக் காணோமே?"

"ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல." ஒட்டுப்புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "எங்க ரேடியோ சங்கத்துக்கு மச்சான்தான் தலைவர். உச்சி வரைக்கும் நம்ம கால்ல ஏறணும், சாமானை நாமளே சுமக்கணும், மேல நின்னு நாலு பேர்கிட்டயாவது பேசணும். அப்பதான் அந்தச் சிகரம் நம்ம கணக்கில சேரும். ஏறின மலையிலயே மறுபடி ஏறினாலும் சேரும். யாரும் வந்து பாக்கப்போறதில்ல. நம்பிக்கைதான். ஒரு தடவை நல்ல மழை. நான் பாதி வழியில காருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, உச்சியில இருக்கேன்னு பேசிட்டேன். மச்சான் கண்டுபிடிச்சுட்டார். முப்பது பேர் கூடின கூட்டத்தில, 'கார்ல உட்கார்ந்து மலை ஏர்றவனுக்கு இங்க இடமில்ல'ன்னு வெளிய அனுப்பினார்."

"சொந்த மச்சினனையா?"

"சொந்த மச்சினன்னுதான் ரெண்டு மடங்கா திட்டினார். சங்கம்தான் அனுப்பிச்சது, அரசாங்கம் குடுத்த லைசென்ஸ் இன்னும் கையில இருக்கு. நான் அவருக்காக வரல மேடம். பாப்பாவுக்காக வந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "போன ஞாயிறு மச்சானுக்கு நூறாவது சிகரம். அடுத்த மாசம் ஷீல்டு குடுக்கறாங்க" என்றார். குரலில் பொறாமை இல்லை. பெருமைதான் இருந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாஸ் எங்களைத் தாண்டி நடந்துகொண்டே, "ஏறலாம்" என்றார். அன்றைய நூறில் ஒன்று செலவு.

எட்டரைக்கு உச்சி. காற்று காதைப் பிய்த்தது. மலை கிழக்கும் மேற்குமாக இரண்டு பக்கமும் சரிந்து, நாங்கள் ஒரு சுவரின் மேல் நிற்பது போல இருந்தது. மேற்கே கோழிப்பண்ணைக் கூரைகள். கிழக்கே எங்கள் ஊர். பிரஸ்ஸின் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிந்தது.

கோபுரக் காவலர் இரும்பு ஏணியில் இறங்கி வந்தார். ஆள் முகத்தைப் பார்த்து மாதக்கணக்கு ஆன மாதிரி சிரித்தார். ஃபோர்மேனின் போட்டோவைக் காட்டினேன்.

"அட, ரேடியோக்காரர்! நல்லா இருக்காரா? பிஸ்கட் கொண்டாந்து குடுப்பாரே. நல்ல மனுசன்."

"போன ஞாயிறு காலையில வந்தாருல்ல?" பேனாவையும் தாளையும் கையில் தயாராக வைத்திருந்தேன்.

"போன ஞாயிறா? ஒருத்தரும் வரல. நான் காலையில அஞ்சு மணியில இருந்து இங்கதான் இருந்தேன்." அவர் யோசித்தார். "அவரைப் பாத்தே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே."

பேனாவை மூடினேன். அந்தப் பெண் கையில் புத்தகத்தோடு நின்றது கண்ணுக்குள் வந்தது. அப்பாவுக்குத் திருடத் தெரியாது என்றாள். பொய் சொல்லத் தெரிந்திருக்கிறதே.

பாஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காவலருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார். நாங்கள் பிஸ்கட் கொண்டுவந்திருந்தோம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"எக்ஸ்சேஞ்ச் அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் மெக்கானிக்கிடம்.

கூப்பிட்டதும் பதில் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுகிற குரல். "கேட்கிறது. நாலு-ஆறு. காத்து உங்க மைக்கில மோதுது. முதுகைக் காட்டி நில்லுங்க."

மெக்கானிக் திரும்பி நின்றார்.

"இப்பவும் நாலுதான்" என்றது குரல்.

பாஸ் சொல்லச் சொல்ல, மெக்கானிக் கேட்டார். போன ஞாயிறு ஃபோர்மேன் பேசியது உங்களுக்குக் கேட்டதா?

"கூப்பிட்டேன். பதில் இல்ல. போன ஞாயிறு மட்டுமில்ல, ஒரு வருஷமா அந்த மனுஷர் எந்த மலைக்குப் போனாலும் எனக்குக் கேட்கறதில்ல. மத்தவங்க எல்லாம் பேசிட்டேன்னு சொல்றாங்க. நான் கேபிளை மாத்தினேன். கம்பியை மாத்தினேன். கடைசியில காது டாக்டர்கிட்டயே போயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா இப்ப நீங்க கேட்கறீங்களே" என்றார். குழப்பத்தை அந்தக் குரல் மறைக்கப் பார்த்தது. முடியவில்லை.

"வீடு எங்கன்னு கேளுங்க" என்றார் பாஸ்.

பிரஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. ஜன்னலைத் திறந்தால் பிரஸ்ஸின் தண்ணீர்த் தொட்டி.

பாஸ் தன் பையிலிருந்து ஃபோர்மேனுடைய பதிவுப் பக்கத்தின் நகலை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். நேரம், ஆள், ரிப்போர்ட் என்று நாலே நாலு வரி. பல் டாக்டர், கோழிப்பண்ணைக்காரர், ஒரு லாரி ஓனர், ஒரு கணக்கு வாத்தியார். நாலு பேரும் அஞ்சு-ஒன்பது கொடுத்திருந்தார்கள்.

"இவங்க எல்லாம் எந்தப் பக்கம்?"

மெக்கானிக் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் பாறையில் உட்கார்ந்தார். காவலர்கூட பிஸ்கட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிரிப்பு அடங்கியபோது மனுஷர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சிரித்ததால் வந்த கண்ணீர் மாதிரி இல்லை.

"கீழ போலாம் சார்" என்றார். "எனக்கு மச்சானைப் பாக்கணும்."

இரண்டு வருடமாகப் பேசாத மச்சானை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காரில் வரும்போது எனக்குத் தெரிந்த வரையில் கணக்குப் போட்டேன். "ஆள் மேல இல்ல. எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கும் கேட்கல. அப்ப ஸ்டோர் கீப்பர் சொன்னதுதானே நிஜம்? நாம கட்சிக்காரரைக் காப்பாத்தப் போய், மலை மேல ஏறி நின்னு மாட்டி விட்டுட்டோம். இதுக்கு ஒட்டுப்புல் வேற."

"இருபது வருஷம் ரேடியோ பிடிச்சவர்" என்றார் பாஸ். "ஸ்டோர் கீப்பர் சொன்னதை ஒரே வார்த்தையில உடைச்சிருக்கலாம். உடைக்கல."

"எந்த வார்த்தையில?"

பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

மாலை ஐந்தரை. ஃபோர்மேனின் வீட்டில், ஒரு காலத்தில் சாமான் அறையாக இருந்தது இப்போது ரேடியோ அறை. மேஜை மேல் பெரிய செட். சுவரில் வரைபடம், அதில் நூறு சிவப்புக் குண்டூசி. ஃபோர்மேன் நாற்காலியில் இருந்தார். உயரமான மனுஷர், இந்த ஒரு வாரத்தில் சட்டை பெரிதாகிவிட்டது. கதவோரம் மனைவியும் மகளும். மெக்கானிக் உள்ளே வந்தபோது யாரும் வா என்று சொல்லவில்லை. அக்கா மட்டும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பாஸ் அன்றைய மிச்ச வார்த்தைகளை எல்லாம் ஒரே இடத்தில் செலவழித்தார்.

"காவலரைப் பாத்தோம். நீங்க மேல வரல."

ஃபோர்மேன், "அப்ப நான்தான் எடுத்தேன்னு எழுதிக்குங்க" என்றார்.

"அப்பா!" என்றாள் மகள்.

"எழுதிக்கலாம்" என்றார் பாஸ். "ஆனா மலை ஒத்துக்காது. நீங்க பேசின நாலு பேரும் மேற்குப் பக்கம். பிரஸ் கிழக்குப் பக்கம். நடுவில மலை. கையில இருந்தது சின்னப் பெட்டி. பிரஸ்ஸுக்குள்ள இருந்து பேசியிருந்தா அந்த நாலு பேருக்கும் கேட்டிருக்காது. ரெண்டாவது தெருவில இருக்கிற எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்குக் காது கிழிஞ்சிருக்கும். நடந்தது நேர் எதிர். அப்ப நீங்க எங்க இருந்தீங்க? மேற்கு அடிவாரம். கார் நிறுத்துற இடம். காருக்குள்ள."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பாஸ் அதை ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

"குறுக்க மலை இருக்கேன்னு நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. சொல்லல. சொன்னா அடுத்த கேள்வி, உச்சியில இருந்திருந்தா கிழக்குப் பக்கத்தில ஒருத்தருக்குக்கூடவா கேட்கல? உங்க ஷூவில மண்ணு இல்ல. பேன்ட்ல முள்ளு இல்ல. ஒரு வருஷமா இல்ல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், துவைக்கச் சுலபமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்.

"பதினாலு மாசம்" என்றார் ஃபோர்மேன். வரைபடத்தைப் பார்த்தபடி சொன்னார். "மாசத்துக்கு ஒரு மலை. பாதி ஏறும்போது நெஞ்சு அடைச்சுது. டாக்டர் இனி மாடிப்படியே மெதுவா ஏறுங்கன்னுட்டார். அப்ப எண்பத்தாறு முடிஞ்சிருந்தது. விடியக்காலையில கிளம்புவேன். அடிவாரத்தில காரை நிறுத்திட்டு, ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ரெண்டரை மணி நேரம். அப்புறம்தான் ரேடியோவைப் போடுவேன். நேரத்தில மட்டும் பொய் சொன்னதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிக்கத் தோன்றவில்லை.

"இதை எப்படி சார் வெளிய சொல்றது? இவனை நான் எதுக்கு வெளிய அனுப்பினேன்?" மச்சினன் பக்கம் கை நீண்டது, முகம் திரும்பவில்லை. "திருடன்னா ஒரு கேஸ். அது போயிடும். இது போகாது."

மெக்கானிக் ஸ்டூலிலிருந்து எழுந்தார். இரண்டு வருடத்துத் திட்டை எல்லாம் இப்போது திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொடுத்திருந்தாலும் தப்பில்லை.

"நெஞ்சுக்கு மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா மச்சான்?" என்று கேட்டார்.

ஃபோர்மேன் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் வந்து அவர் முன்னால் நின்றாள். "எனக்குப் பரீட்சை இல்லாட்டி மூணு வருஷம் கழிச்சு எழுதிக்கிறேன். நெஞ்சு அடைச்சுதுன்னு ஏன்ப்பா எங்ககிட்ட சொல்லல? ஷீல்டு வாங்கறதுக்கு முன்னாடி கார்ல ஏதாவது ஆகியிருந்தா, நாங்க உச்சியில போயில்ல உங்களைத் தேடியிருப்போம்?"

பாஸ் மணியைப் பார்த்தார். ஆறு அடிக்க மூன்று நிமிடம். "மேல இருந்தேன்னு நாளைக்கும் சொன்னா, காவலர் இல்லைம்பார். ஒரு பொய் கலந்தா மீதி உண்மையை யாரும் வாங்க மாட்டாங்க. கீழ இருந்தேன்னு சொன்னா, அந்த நாலு பேரும் உங்களுக்குச் சாட்சி. எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்குக் கேட்காம போனது அஞ்சாவது சாட்சி. அவங்க நாளைக்குப் பதினோரு மணிக்கு அங்க வரணும். நீங்கதான் கூப்பிடணும்."

"அப்ப ஸ்டோர் கீப்பர்?" என்றேன் நான். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. "பேசாத குரல் அவருக்கு எப்படி... பாஸ்! ஃபோர்மேன் ரேடியோ பேசினேன்னு சொன்ன மறுநாள்தானே அந்தாளுக்கு ஞாபகம் வந்தது! பேச்சே நடக்காத இடத்தில பேச்சைக் கேட்டேன்னு கரடி விட்டிருக்கார். இன்னொரு சாவி யார்கிட்ட?"

"அந்த மூக்குக் கண்ணாடியைப் பத்தி நாளைக்கு விசாரணை அதிகாரியே கேப்பார்" என்றார் பாஸ். "மெசேஜ் அனுப்பிட்டேன். நீ கார்ல புலம்பிட்டிருந்தப்ப."

தூங்கிவிட்டார் என்று நான் நினைத்த நேரம்.

ஆறு மணி. ஞாயிறு மாலை சங்கத்துக்காரர்கள் எல்லோரும் பெரிய செட்டில் கூடுகிற நேரம். ஒவ்வொருவராக வந்து குரல் கொடுத்தார்கள். பல் டாக்டர், கோழிப்பண்ணைக்காரர், லாரி ஓனர், வாத்தியார். எல்லோரும் எல்லோருக்கும் அஞ்சு-ஒன்பது. கடைசியில், தலைவர் இருக்கிறாரா என்று ஒரு குரல் கேட்டது.

ஃபோர்மேன் மைக்கை எடுத்தார். கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். மறுபடி எடுத்து அழுத்தினார்.

"நான்தான் பேசறேன். போன ஞாயிறு நான் உச்சியில இல்ல. அடிவாரத்தில கார்ல உட்கார்ந்து பேசினேன். அதுக்கு முன்னாடி பதிமூணு சிகரமும் அப்படித்தான். எனக்கு நெஞ்சு சரியில்ல, அதை வெளிய சொல்லவும் தைரியமில்ல. என் கணக்கு நூறு இல்ல, எண்பத்தாறு. ஷீல்டு வேணாம். தலைவர் பதவியும் வேணாம். இதே தப்புக்கு என் மச்சினனை வெளிய அனுப்பினேன். அவன் ஒரு தடவைதான் பண்ணினான், அதுவும் மழையில. அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் எங்க இருந்தேன்னு நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணையில சொல்லணும். என் பொண்ணோட பரீட்சை அதில இருக்கு. கேட்டவங்களும் வரணும். கேட்காதவங்களும் வரணும்."

கையை எடுத்தார். செட் இரைந்தது. பத்து விநாடி, இருபது விநாடி, யாரும் வரவில்லை. அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருப்பதை நான் பாஸைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுகிற அந்தக் குரல் வந்தது.

"போன ஞாயிறு எட்டு நாற்பத்தஞ்சில இருந்து ஒன்பது நாற்பது வரைக்கும் பதினோரு தடவை உங்களைக் கூப்பிட்டேன். பதில் இல்ல. ஒவ்வொரு தடவையும் நோட்டில எழுதியிருக்கேன். நாளைக்கு நோட்டோட வர்றேன்." ஒரு சின்ன இடைவெளி. "அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு."

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார் ஃபோர்மேன். மைக்கை அழுத்த மறந்துவிட்டார்.

"உங்க ரிப்போர்ட்" என்றது குரல். "பலம் ஒன்பது. பக்கத்துத் தெரு, அதில பெருமைப்பட ஒண்ணுமில்ல."

மெக்கானிக் ஸ்டூலின் நுனிக்கு வந்திருந்தார்.

"தெளிவு, அஞ்சு."

ஃபோர்மேன் பதிவு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். எடுத்ததை மகளிடம் நீட்டினார். மகள் பேனாவை வாங்கி, நேரத்தைப் பார்த்து, அதை எழுதினாள்.